முதல் சம்பளத்துக்கு முன்னே ஒரு பயணம்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்)

பட்டப்படிப்பின் கடைசித் தேர்வுக்கும் வேலையில் சேரும் முதல் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி வருகிறது. சிலருக்கு அது பதினைந்து நாள். சிலருக்கு மூன்று மாதம். வேலை இன்னும் கிடைக்காதவருக்கு அது எவ்வளவு என்று சொல்வதற்கில்லை. அந்த நாள்களை நாம் எப்படிக் கழிக்கிறோம்? தட்டச்சு வகுப்பில் பாதி, போட்டித் தேர்வுக் கையேட்டில் பாதி, மீதியை உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி பரிமாறுவதில் கழிக்கிறோம். இவற்றில் எதுவும் குற்றமன்று. ஆனால் அந்த இடைவெளிக்குள் ஒரே ஒரு முறையாவது நம் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்வர வேண்டும் என்பது என் கருத்து. பிழைப்புத் தேடிப் போவதைச் சொல்லவில்லை. பார்த்து வரப் போவதைச் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர், "அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டு இது என்ன ஜமீன்தார் வீட்டுப் பேச்சு?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீட்டில் வெளிநாடு என்றால் என்ன?

நம்மில் பலருடைய வீட்டிலும் தெருவிலும் 'வெளிநாடு' என்பது புதிய சொல்லன்று. துபாய், மஸ்கட், தோஹா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் நம் அம்மாக்களுக்கு மாவட்டத் தலைநகரின் தெருப் பெயர்களைவிட நன்றாகத் தெரியும். தந்தை, மாமன், அண்ணன் என்று யாரோ ஒருவர் அங்கே கம்பி கட்டுகிறார்; வண்டி ஓட்டுகிறார்; சமையல் செய்கிறார். ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தும் அவர்கள் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. தங்கும் முகாமையும் வேலைத்தலத்தையும் இரண்டுக்கும் நடுவே ஓடும் பேருந்தையும்தான் பார்த்தார்கள்.

ஒரு சிறு விவரத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்றச் சோதனை அனுமதி பெற்றாக வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. நம் தந்தையர் பலரின் பாஸ்போர்ட்டில் இருந்த அந்தக் குறிப்பு நம்முடையதில் இராது. அவர்கள் வியர்வை சிந்தி நம்மைப் படிக்கவைத்ததன் பயன்களில் இதுவும் ஒன்று. அவர்களைப் போலவே நாமும் கூலிக்காக மட்டுமே எல்லை தாண்டுவோம் என்றால், அந்தப் படிப்பின் ஒரு பகுதியை வாங்கிவைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டவர் ஆவோம்.

ஒரு கேம்பிரிட்ஜ் மாணவரின் கதை

வேலையில் அமர்வதற்கு முன் ஒரு பயணம் என்றதும் என் நினைவுக்கு வருபவர் சார்லஸ் டார்வின். விலங்கியல் மாணவர்கள் அவரைத் தாடியுடன் கூடிய கிழவராகவே பாடநூலில் பார்த்திருப்பார்கள். 1831-ஆம் ஆண்டின் டார்வினோ நம்மைப் போன்ற இருபத்திரண்டு வயது இளைஞர்; அப்போதுதான் பட்டத் தேர்வு எழுதி முடித்தவர். அதற்கு முன் எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்து அறுவை சிகிச்சையைக் காணப் பொறாமல் பாதியில் விட்டவர். மகன் உருப்பட வேண்டுமே என்று கவலைப்பட்ட தந்தை, பாதிரியார் வேலைக்கு ஆயத்தப்படுத்துவதற்காகக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். ஏதாவது ஒரு கிராமத் தேவாலயத்தில் அமர்ந்து நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே திட்டம்.

அந்த வேலையில் அமருமுன் எங்காவது போய்வர வேண்டும் என்று டார்வினுக்குத் தோன்றியது. ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய அறிஞரின் பயண நூலைப் படித்துவிட்டு, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள டெனரீஃப் தீவைப் பார்க்க ஆசைப்பட்டார். அதற்காக ஸ்பானிய மொழிகூடக் கற்கத் தொடங்கினார். உடன் வருவதாக இருந்த நண்பர் ஒருவர் இறந்துபோனார். அந்தத் திட்டம் கைகூடவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு இறுதியில் வீடு திரும்பியபோது அவருக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகும் 'பீகிள்' என்ற கப்பலில் இயற்கை ஆய்வாளராகச் செல்ல விருப்பமா என்று அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ கேட்டிருந்தார்.

தந்தை மறுத்தார். மறுத்ததோடு நில்லாமல் காரணங்களையும் அடுக்கினார். இது காட்டுத்தனமான திட்டம்; பாதிரியாராகப் போகிறவனுக்குப் பெருமை சேர்க்காது; வேறு பலரைக் கேட்டு அவர்கள் மறுத்த பிறகே உன்னிடம் வந்திருப்பார்கள்; கப்பலில் வசதி இராது; மீண்டும் தொழிலை மாற்றுவதாகும்; திரும்பி வந்தபின் ஒரு நிலையான வாழ்வில் உன் மனம் ஒட்டாது; மொத்தத்தில் பயனற்ற வேலை. நண்பர்களே, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் சொன்னவை இவை. இவற்றுள் எதை நம் வீட்டுத் திண்ணையில் நாம் கேட்டதில்லை?

டார்வின் தந்தை சொல்லைத் தட்டவில்லை. வர இயலாது என்று பதில் எழுதிவிட்டார். ஆனால் தந்தை ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தார். விவரமறிந்த ஒருவர் போகச் சொன்னால் தாமும் சம்மதிப்பதாகக் கூறியிருந்தார். அந்த ஒருவர் தாய்மாமன் வெட்ஜ்வுட். மாமன் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விடை கொடுத்தார். இது அவன் தொழிலுக்கு நேரடியாக உதவாது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அறியும் ஆவல் மிகுந்த ஓர் இளைஞன் மனிதரையும் உலகையும் காண்பதற்கு இப்படியொரு வாய்ப்பு வெகு சிலருக்கே கிட்டும் என்று எடுத்துரைத்தார். தந்தை இசைந்தார், செலவையும் ஏற்றார். தாய்மாமன் சொல்லுக்கு மதிப்புத் தருவது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று போலும்!

1831 டிசம்பர் 27-இல் கப்பல் புறப்பட்டது. பத்தே நாளில் டார்வின் கனவு கண்ட டெனரீஃப் தீவு கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் இங்கிலாந்தில் காலரா பரவியிருந்ததால் பன்னிரண்டு நாள் கரையிறங்கக் கூடாது என்று அங்கே உத்தரவு. கப்பல் தலைவர் காத்திராமல் அப்பால் செலுத்திவிட்டார். ஆசைப்பட்ட இடத்தை எட்ட நின்று பார்த்ததோடு சரி. எண்ணிப் போனது கிட்டாமல் எண்ணாதது கிட்டுவது பயணத்தின் இயல்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டு என்று புறப்பட்ட பயணம் ஐந்தாண்டுக்குச் சற்றே குறைவாக நீண்டது. கடல் நோய் அவரைக் கடைசி வரை விடவில்லை. ஆயினும் காலத்தில் பெரும்பகுதியை அவர் கரையில்தான் கழித்தார். பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டைக் கண்டு கொதித்து, அதைப் பற்றிக் கப்பல் தலைவரோடு சண்டையிட்டார். சிலியில் நிலநடுக்கத்தைக் கண்டார். 1835-இல் கலாபகஸ் தீவுகளில் ஐந்து வாரம் தங்கினார். 1836 அக்டோபர் 2-இல் ஊர் திரும்பினார். அதன்பின் ஆயுள் முழுவதும் பிரிட்டனை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு எஞ்சிய வாழ்நாள் முழுவதும் எண்ணினார். 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார். பாதிரியார் வேலை அவருக்காகக் காத்துக் காத்து அப்படியே நின்றுவிட்டது.

பணக்காரப் பிள்ளை என்பீர்கள்

ஆம், டார்வின் பணக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்து ஆங்கிலச் செல்வர் வீட்டு இளைஞர்கள் படிப்பு முடிந்ததும் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளைச் சுற்றிவருவதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நாம் பெருமூச்சு விடலாம். ஆனால் பயணம் செல்வர்க்கே உரியது என்று முடிவு கட்டிவிட வேண்டா.

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் தச்சர், கொத்தர் முதலிய கைத்தொழிலாளரிடையே நூற்றாண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. தொழிற்பயிற்சி முடித்த இளைஞன் மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். அந்தக் காலத்தில் சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் காலடி வைக்கக் கூடாது. மணமாகியிருக்கக் கூடாது, கடன் இருக்கக் கூடாது. போகிற ஊரில் வேலை செய்து, கிடைக்கும் உணவையும் இடத்தையும் கொண்டு பிழைத்து, அந்தந்த ஊர்த் தொழில் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். கறுப்பு உடையும் அகன்ற தொப்பியும் கைத்தடியுமாய் இன்றும் அவ்வாறு சுற்றுபவர் உண்டு. மரம் இழைப்பவனுக்கும் கல் செதுக்குபவனுக்கும் உலகைப் பார்த்து வருவது தொழிலின் ஒரு பாடம் என்று அந்தச் சமூகம் கருதியிருக்கிறது. நிலையாக ஓரிடத்தில் அமர்வதற்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்றும் கருதியிருக்கிறது. அவர்கள் விதித்த நிபந்தனைகளில் நம் ஒவ்வொருவருக்கும் பொருந்துவது கடன் வாங்காமல் போக வேண்டும் என்பது.

நம்மிலும் முன்னோடி இல்லாமலில்லை. 'உலகம் சுற்றிய தமிழன்' என்று பெயர் பெற்ற ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்த கப்பலில்தான் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி 1940-இல் அப்படத்தை வெளியிட்டார். காந்தியைப் பற்றிய அந்த எண்ணம் காந்தி பிறந்த நாட்டைவிட்டு வெகுதொலைவில் இருந்தபோது எழுந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது?

லண்டனும் பாரிசும் இருக்கட்டும். நமக்கு எட்டுகிற தொலைவில் இரண்டு நாடுகள் உள்ளன.

ஒன்று நேபாளம். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக இந்தியர் அங்கே செல்ல விசா வேண்டியதில்லை. வாக்காளர் அடையாள அட்டையே போதும். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் எல்லை. எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவில் புத்தர் பிறந்த லும்பினி. அங்கே அசோகர் நட்ட தூண் இன்னும் நிற்கிறது. தாம் நேரில் வந்து வழிபட்டதையும், அவ்வூருக்கு வரியைக் குறைத்ததையும் அதில் அவர் பொறித்துவைத்திருக்கிறார். இரண்டு மதிப்பெண் வினாவாக நாம் மனப்பாடம் செய்த செய்தி அங்கே கல்லாக நிற்கிறது.

மற்றொன்று இலங்கை. நம் தாத்தாக்கள் காலத்தில் எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், மறுகரையில் மீண்டும் ரயில் என்று கொழும்புக்கே போகலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் முற்பகுதியில் போர்ச் சூழலில் நின்றுபோனது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2023 அக்டோபர் 14-இல், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சுமார் 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். பருவத்தைப் பொறுத்து நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாய் இருப்பதால் விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும். இதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும்.

மறுகரையிலிருந்து பார்த்தல்

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். நான் சொல்ல வருவது வேறு: அக்கரையில் நின்றால்தான் இக்கரையின் உண்மை நிறம் தெரியும்.

சோழர் ஈழம் வென்றதை நாம் எப்படிப் படித்தோம்? இராசராசனின் வெற்றிகளில் ஒன்று. இராசேந்திரனின் வெற்றிகளில் மற்றொன்று. தேர்வில் எழுதினால் மதிப்பெண். மேடையில் சொன்னால் கைதட்டல். அநுராதபுரத்தில் நிற்கும் ஒருவருக்கு அதே செய்தி வேறாகக் கேட்கும். ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த அந்த ஊர் 993-இல் சோழர் படையிடம் வீழ்ந்தது. பழைய நிலைக்கு அது மீளவே இல்லை. 1017-இல் சிறைபிடிக்கப்பட்ட ஐந்தாம் மகிந்தன் என்ற மன்னன் சோழ நாட்டிலேயே கைதியாய் இறந்தான். 1070-இல் சோழரை வெளியேற்றிய விசயபாகு அங்கே வரலாற்று நாயகன். அதே நாட்டில், பொலன்னறுவையில், சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் என்ற கற்கோயில் இன்றும் அழகாக நிற்கிறது. வென்றவர் கட்டியதும் உண்மை. வீழ்ந்தவர் அழுததும் உண்மை. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகியவனைத்தான் படித்தவன் என்று நான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் இருக்கிறது. 1981-ஆம் ஆண்டு மே இறுதி இரவில் தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இன்று அது மீண்டும் எழுப்பப்பட்டு வெண்மையாக நிற்கிறது. நம் கல்லூரி நூலகத்தில் தூசி படிந்த அலமாரிக்கு முன்னால் அலுத்துக்கொண்டு நிற்கும் நம்மில் யாரேனும் ஒருவர் அங்கே பத்து நிமிடம் நின்றுவந்தால், திரும்பி வந்து அந்த அலமாரியைத் துடைப்பார்.

மலையகத்துக்குப் போனால் தேயிலைத் தோட்டங்கள். நம் மாவட்டங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். 1964-இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் மனிதரைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்கள் நமக்குப் பாடநூலின் ஒரு வரி. அந்த வரிக்குள் யாருடைய அத்தை இந்தப் பக்கமும் யாருடைய தம்பி அந்தப் பக்கமும் போனார்கள் என்பதை அந்த மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு பணம். நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபங்களில் பரிமாறியும் ஜவுளிக் கடைகளில் நின்றும் சம்பாதிக்கிறவர்கள். மாதம் 200 ரூபாய் தனியே வைத்தால் மூன்றாண்டில் 7,200 ஆகும். அது முழுச் செலவுக்கும் போதாது. ஆனால் பாஸ்போர்ட்டுக்கும் வழிச்செலவின் ஒரு பகுதிக்கும் ஆகும். வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் போகாதிருப்பதே நேர்மை. ஆனால் முதல் சம்பளம் வருமுன்னே தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கத் துணிகிறவர், பயணத்துக்கு மட்டும் ஏழையாகிவிடக் கூடாது.

இரண்டாவது, "சம்பாதித்தபின் போகலாமே!" போகலாம்; ஆனால் போவதில்லை. வேலை வந்ததும் விடுப்பு எண்ணிக்கையில் அடங்கிவிடும். அரசுப் பணியில் சேர்ந்தவர் வெளிநாடு செல்ல முன் அனுமதி பெற வேண்டும். தங்கை திருமணம், வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று வரிசை நீளும். பிறகு போகும்போது நாம் பயணிகளாகப் போவோம். இப்போது போனால் மாணவராகப் போவோம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மாணவன் கேள்வி கேட்கக் கூச்சப்படுவதில்லை.

மூன்றாவது, "நம் நாட்டையே முழுக்கப் பார்க்கவில்லையே!" உண்மை. ஆனால் இந்தியா முழுவதையும் பார்த்து முடித்தவர் யார்? நாகையில் இருப்பவருக்குக் காசுமீரத்தைவிடக் காங்கேசன்துறைதானே அருகில் இருக்கிறது?

நான்காவது மறுப்பு எல்லாவற்றையும்விடக் கடுமையானது. அது நம் வகுப்புத் தோழியருக்கு எழுவது. ஆண்பிள்ளைக்கு 'வேலைக்கு முன்' என்ற இடைவெளி. பெண்ணுக்கோ அது 'கல்யாணத்துக்கு முன்' என்ற இடைவெளி. அதற்குள் அவளைத் தனியே கடல் கடந்து அனுப்பப் பெரும்பாலான வீடுகள் இசையமாட்டா. இங்கேதான் கல்லூரியின் துணை வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஒவ்வோர் ஆண்டும் நம் துறைகள் கல்விச் சுற்றுலா போகின்றன. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, மீண்டும் ஊட்டி. மூன்றாம் ஆண்டின் இறுதியில் ஒருமுறை, துறைத் தலைவரும் பேராசிரியைகளும் உடன்வர, நாகையிலிருந்து கப்பலேறி நான்கு நாள் யாழ்ப்பாணம் போய்வர ஏற்பாடு செய்தால் என்ன? உரிய இடங்களில் அனுமதி பெற வேண்டும். சேர்க்கை நாளிலேயே திட்டத்தை அறிவித்து மூன்றாண்டு சிறுசேமிப்பாகத் தொகை சேர்க்க வேண்டும். இயலாதவர்க்குப் பழைய மாணவர் உதவ வேண்டும். துறையோடு போகிறாள் என்றால் மறுக்கும் பெற்றோரில் பாதிப்பேராவது இசைவர். டார்வினுக்கு ஒரு ஹென்ஸ்லோ கடிதம் எழுதினார். ஒரு மாமன் பரிந்து பேசினார். நமக்கு அந்த இரண்டு வேலையையும் நம் ஆசிரியர்களே செய்ய வேண்டியிருக்கிறது.

போகும் நண்பர்களுக்கு ஒரு சொல். குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கலாபகஸ் தீவுகளில் பிடித்த சிறு குருவிகள் பலவற்றுக்கு எந்தத் தீவில் பிடித்தது என்று டார்வின் சரியாகக் குறித்துவைக்கவில்லை. அவை வெவ்வேறு இனங்கள் என்று 1837-இல் பறவையியல் அறிஞர் கூல்டு சொன்ன பிறகு, உடன்வந்தவர்கள் குறித்துவைத்திருந்ததைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. பயணத்தின் பொருள் போகிற இடத்திலேயே விளங்கிவிடுவதில்லை. திரும்பி வந்து, வேலையில் அமர்ந்து, ஆண்டுகள் சென்றபின் ஒருநாள் விளங்கலாம். அன்றைக்கு எடுத்துப் பார்க்கக் கையில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

நாளை நாம் எழுத்தர்களாவோம், ஆசிரியர்களாவோம், காவலர்களாவோம், கடை வைப்போம். நம் மேசைக்கு முன்னால் ஒருநாள் வேற்றூர்க்காரர் ஒருவர், மொழி தெரியாமல் கையில் தாளோடு தயங்கி நிற்பார். வேற்று நாட்டில் ஒருமுறையேனும் வழி தெரியாமல் நின்றவர், அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பிறகுதான் தாளை வாங்குவார்.